உயிராபத்தை விண்வெளி வீரர்களிடம் சொல்வதா, மறைப்பதா? ஐந்து வழிகளின் ஒப்பீடு

தமிழ்மொழி விழாவையொட்டி நடக்கும் விவாதப் போட்டிக்குத் தயாராகும் தொடக்கக் கல்லூரி மாணவர்கள் சிலர் ஒரு தலைப்போடு வந்தார்கள். "விண்கலத்தில் உயிருக்கு ஆபத்தான கோளாறு ஏற்பட்டால், உள்ளே இருப்பவர்களிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டுமா?" ஒட்டிப் பேச ஓர் அணி, வெட்டிப் பேச ஓர் அணி. இரண்டும் ஒரே இடத்தில்தான் சிக்கியிருந்தன. சரிசெய்யக்கூடிய கோளாறு என்றால் சொல்ல வேண்டும் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. ஒன்றுமே செய்ய முடியாது என்றால்? அப்போது சொல்வது கருணையா, கொடுமையா?

நான் விமானப் பராமரிப்பில் வேலை பார்த்தவன். ஒரு விமானத்தில் சிறு பழுதைத் தற்காலிகமாகத் தள்ளிவைத்தாலும் அது டெக் லாக் என்ற பராமரிப்புக் குறிப்பேட்டில் ஏறும். கேப்டன் அதைப் படித்து, கையெழுத்துப் போட்ட பிறகே விமானம் நகரும். படித்துவிட்டு, "இதை நான் எடுத்துக்கொண்டு போகமாட்டேன்" என்று மறுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. அந்தப் பழக்கத்தில் ஊறியவனுக்கு மறைப்பது என்பதே உறுத்தும். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்திருக்கும். இருந்தாலும் எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு, அதை அதன் முழு பலத்தோடு வைக்கப் பார்க்கிறேன். சொல்வது, மறைப்பது என்று இரண்டே வழிகள் இருப்பதாக மாணவர்கள் நினைத்தார்கள். நடந்த சம்பவங்களைப் புரட்டினால் ஐந்து வழிகள் தெரிகின்றன.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், உள்ளே இருப்பவர்களின் கண்ணும் கையும் பயன்படுமா என்பது. பழுதுக்கு மிக அருகில் இருப்பவர்கள் அவர்கள்தான். இரண்டாவது நேரம். ஆபத்து சில நிமிடங்களில் வருமா, சில வாரங்கள் கழித்தா? மூன்றாவது, தகவல் எவ்வளவு உறுதியானது. ஓர் உணரி தவறாகக் காட்டியிருந்தால் வீண் பதற்றம்தான் மிஞ்சும். நான்காவது, அது அவர்களுடைய உயிர் என்ற எளிய உண்மை. மனைவியிடம், கணவனிடம், பிள்ளைகளிடம் கடைசியாக ஒரு வார்த்தை பேசும் வாய்ப்பும் இதில் அடங்கும். ஐந்தாவதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்று ஒரு குழுவிடம் மறைத்தது நாளை தெரியவந்தால், அடுத்த குழு தரையிலிருந்து வரும் குரலை நம்புமா?

## வழி 1: தெரிந்தவுடன் முழுவதையும் சொல்வது

இன்று நடைமுறையில் இருப்பது பெரும்பாலும் இதுதான். 2022 டிசம்பரில் அனைத்துலக விண்வெளி நிலையத்தோடு இணைந்திருந்த சோயுஸ் எம்எஸ்-22 கலத்திலிருந்து குளிர்விப்புத் திரவம் பீய்ச்சி அடித்தது. அதில் ஊர் திரும்ப வேண்டிய மூவருக்கும் எல்லாம் தெரியும். அவசரம் வந்தால் என்ன செய்வது என்று திட்டம் போட்டு, அந்த மூவரில் ஒருவரான பிராங்க் ரூபியோவின் இருக்கை உறையைக்கூட நிலையத்தோடு இணைந்திருந்த இன்னொரு கலமான டிராகனுக்கு மாற்றி வைத்தார்கள். வேறொரு சோயுஸ் ஆளில்லாமல் மேலே போனது. ரூபியோ 371 நாள் கழித்துத் தரையிறங்கினார்.

2024இல் ஸ்டார்லைனர் கலத்தின் ஹீலியம் கசிவும் உந்துகருவிக் கோளாறும் இதே வகை. புட்ச் வில்மோரும் சுனிதா வில்லியம்சும் சோதனை விமானிகள். கலம் எப்படி நடந்துகொண்டது என்று தரைக்குச் சொல்லக்கூடிய சாட்சிகளே அவர்கள்தான். அப்படிப்பட்டவர்களிடம் எதை மறைப்பது? கலம் ஆளில்லாமல் திரும்பியது, அவர்கள் இருவரும் 2025 மார்ச்சில் வேறு கலத்தில் வந்து சேர்ந்தார்கள்.

நிலவுக்குப் போகும் வழியில் பழுதான அப்போலோ 13 பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆக்சிஜன் கலன் வெடித்த சத்தத்தை முதலில் கேட்டவர்களே அந்த மூவர்தான். அட்டை, பிளாஸ்டிக் பை, ஒட்டுநாடாவை வைத்துக் கரியமில வாயு வடிகட்டியை மேலே செய்த கைகளும் அவர்களுடையவை.

இதிலும் கண்ணுக்குத் தெரியாத செலவு உண்டு. தரையில் நூறு பொறியாளர்கள் நூறு சந்தேகங்களை எழுப்புவார்கள். அத்தனையையும் அப்படியே மேலே அனுப்பினால் குழுவின் தூக்கமும் கவனமும் சிதறும். கவனம் சிதறிய குழு வேறொரு தவறு செய்யும். எதை உடனே சொல்வது, எதை மறுநாள் காலைக் கூட்டத்தில் சொல்வது என்று பிரித்துத்தரத் தரையில் அனுபவசாலிகள் வேண்டும். இன்னொரு சிக்கல், மேலே உள்ளவர்களுக்கு முன்பே குடும்பத்தாருக்குச் செய்தி வழியாகத் தெரிந்துவிடுவது. நாளும் வாரமும் கையில் இருக்கும்போது, இந்தச் செலவுகளை எல்லாம் ஏற்றாலும் இந்த வழிதான் சிறந்தது.

## வழி 2: உறுதியான பிறகு சொல்வது

1962 பிப்ரவரி 20. அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். வெப்பக் கவசம் கழன்றிருக்கலாம் என்று தரையில் ஒரு சமிக்ஞை காட்டுகிறது. உணரியும் பொய் சொல்லலாம். தரையில் இருப்பவர்கள் உடனே காரணத்தைச் சொல்லவில்லை. கவசத்துக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த, இறங்கும்போது அதிர்ச்சியைத் தாங்கும் இறங்குபையின் சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது, ஏதாவது மோதும் சத்தம் கேட்கிறதா என்று சுற்றி வளைத்துக் கேட்டார்கள். கிளென் தேர்ந்த போர் விமானி, கேள்விகளின் போக்கிலேயே எதையோ ஊகித்துவிட்டார். வேகத்தைக் குறைக்கப் பயன்பட்ட உந்துகருவிப் பொதியைக் கழற்றாமலே இறங்கச் சொன்னார்கள். அது கவசத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். காரணத்தை அவரிடம் சொன்னபோது அவர் காற்று மண்டலத்தின் வாசலில் இருந்தார். பொதி எரிந்து துண்டு துண்டாக ஜன்னலுக்கு வெளியே பறந்தது. கவசம்தான் உடைகிறதோ என்று நினைக்க அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது.

பழுது கவசத்தில் இல்லை, தவறான சமிக்ஞை தந்த உணரி சுவிட்சில். அவர் பத்திரமாக இறங்கினார், விமானியிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகு வலியுறுத்தினார்.

தகவல் உறுதியில்லை, நேரமும் இல்லை என்ற நிலையில் இந்த வழிக்கு ஒரு நியாயம் உண்டு. பொய் எச்சரிக்கையைத் தவிர்க்கலாம். ஆனால் கேள்வி கேட்டுக்கொண்டே காரணத்தை மறைப்பது மோசமான கலவை. மேலே இருப்பவர் குறை தகவலை வைத்துக்கொண்டு மீதியைக் கற்பனையால் நிரப்புவார். "கவசம் கழன்றதாக ஓர் உணரி சொல்கிறது, நாங்கள் நம்பவில்லை, இருந்தாலும் சத்தம் ஏதாவது கேட்கிறதா பாருங்கள்" என்பதற்கு மிஞ்சிப்போனால் பத்து நொடி ஆகும். உறுதியில்லாததை உறுதியில்லை என்று சொல்லியே தெரிவிக்கலாம். உறுதியாகும்வரை காத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்தது?

## வழி 3: "கவலைப்பட ஒன்றுமில்லை" என்று சொல்வது

ஐந்தில் மிக ஆபத்தானது இதுதான் என்பது என் எண்ணம். பார்வைக்குச் சொன்னது போலவே இருக்கும், அதுதான் ஆபத்து.

2003 ஜனவரி 16 அன்று நாசாவின் கொலம்பியா விண்ணோடம் கிளம்பியது. சுமார் 82 நொடியில் எரிபொருள் வெளித் தொட்டியிலிருந்து பெயர்ந்த காப்பு நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. எடை முக்கால் கிலோ. மறுநாள் படச்சுருளைப் பார்த்தபோதே தரையில் தெரிந்துவிட்டது. சில பொறியாளர்கள் கவலைப்பட்டார்கள். ராணுவத்தின் கருவிகளைக் கொண்டு இறக்கையைப் படமெடுத்துத் தரும்படி கேட்டார்கள். அந்தக் கோரிக்கைகள் மேலிடத்தில் நின்றுபோயின.

ஜனவரி 23 அன்று கேப்டன் ரிக் ஹஸ்பண்டுக்கும் விமானி வில்லியம் மெக்கூலுக்கும் தரையிலிருந்து ஒரு மின்னஞ்சல் போனது. நுரை மோதிய விஷயம் அதில் இருந்தது. ஆனால் சொன்ன காரணம் வேறு: வரவிருந்த செய்தியாளர் பேட்டியில் யாராவது கேட்டால் அவர்கள் திகைக்கக்கூடாது. நிபுணர்கள் ஆராய்ந்துவிட்டார்கள், திரும்பி வருவதில் எந்தக் கவலையும் இல்லை என்றும் எழுதியிருந்தது. ஹஸ்பண்ட் நன்றி சொல்லிப் பதில் அனுப்பினார். பிப்ரவரி 1 காலை, தரையிறங்க 16 நிமிடம் இருக்கையில், கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் போய்விட்டார்கள்.

அந்த மின்னஞ்சலை எழுதியவர் பொய் சொல்லவில்லை, தனக்குச் சொல்லப்பட்டதை நம்பி எழுதினார். ஆனால் அந்த வாசகத்தால் நேர்ந்தது என்ன? குழுவுக்குச் சொல்லியாகிவிட்டது என்று தரையில் நிம்மதி. நிபுணர்கள் பார்த்துவிட்டார்கள் என்று மேலே நிம்மதி. இறக்கையை யாருமே பார்க்கவில்லை. அந்த முன்விளிம்பு கலத்தின் ஜன்னல்களிலிருந்து தெரியாது, அந்தப் பயணத்தில் இயந்திரக் கையும் இல்லை. ஆனால் அவசரத்துக்கு வெளியே இறங்கிப் பார்க்க மைக்கேல் ஆண்டர்சனும் டேவிட் பிரவுனும் பயிற்சி பெற்றிருந்தார்கள். "படமெடுக்கக் கேட்டார்கள், கிடைக்கவில்லை, எங்களில் சிலருக்குக் கவலை இருக்கிறது" என்று ஒரு வரி அவர்களிடம் போயிருந்தால்? அவர்கள் சும்மா இருந்திருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

விபத்து விசாரணைக் குழு கேட்டுக்கொண்டதால் நாசா பிறகு ஒரு கணக்குப் போட்டது. தயாராகிக்கொண்டிருந்த அட்லாண்டிஸ் விண்ணோடத்தை இரவு பகலாக வேலை செய்து பிப்ரவரி 10 வாக்கில் ஏவியிருக்க முடியும். கொலம்பியாவில் பிப்ரவரி 15 வரை தாக்குப்பிடித்திருக்க முடியும். எதனால் 15? கரியமில வாயுவை உறிஞ்சும் லித்தியம் ஹைட்ராக்சைடு கலன்கள் அதுவரைதான் வரும். அதுவும் எழுவரும் ஆராய்ச்சி வேலைகளை நிறுத்தி, அசைவைக் குறைத்து, மூச்சைச் சிக்கனமாகச் செலவழித்தால் மட்டுமே. தெரிந்த நாளிலேயே அந்தச் சிக்கனம் தொடங்கியிருக்க வேண்டும்.

மாணவர்களிடம் நான் அழுத்திச் சொன்னது இதைத்தான். சொல்வதை ஒரு தனிச் செயலாகவும், காப்பாற்றுவதை இன்னொரு செயலாகவும் நாம் பிரித்து வைத்திருக்கிறோம். கொலம்பியாவில் சொல்வதே காப்பாற்றலின் முதல் படி. தங்கள் மூச்சை அளந்து விடவேண்டும் என்று தெரியாதவர்கள் எப்படி அளந்து விடுவார்கள்? மீட்பு வெற்றி பெற்றிருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. விசாரணைக் குழுவே அதைக் கடினம், ஆனாலும் முடியக்கூடியது என்றுதான் மதிப்பிட்டது. ஆனால் பார்க்காமலே கைவிடுவதற்கு அது காரணமாகாது.

இந்த வழி எந்த நிலையில் சிறந்தது? உண்மையிலேயே ஆராய்ந்து, படமெடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்தால் மட்டும். 2007 ஆகஸ்டில் எண்டெவர் விண்ணோடத்தின் அடிப்பகுதி வெப்ப ஓட்டில் ஒரு பள்ளம் விழுந்தது. இயந்திரக் கையின் நீட்சியைக் கொண்டு அளந்தார்கள், தரையில் சோதித்தார்கள், குழுவுடன் பேசினார்கள், பழுது பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். கலம் பத்திரமாக இறங்கியது. அந்த "கவலை இல்லை"க்குப் பின்னால் வேலை இருந்தது.

## வழி 4: சொல்லாமலே விடுவது

வெட்டிப் பேசும் அணிக்குப் பலமான ஆதாரம் அப்போலோ 12. 1969 நவம்பர் 14 அன்று கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் ராக்கெட்டை இரண்டு முறை மின்னல் தாக்கியது. கருவிகளை மீட்டுவிட்டார்கள். ஆனால் பாராசூட்டை விடுவிக்கும் வெடிகருவிகள் சேதமாகியிருக்குமோ என்ற பயம் தரையில் இருந்தது. மேலிருந்து அதைச் சோதிக்கவும் முடியாது, சரிசெய்யவும் முடியாது. பாராசூட் விரியாது என்றால் இன்றே இறங்கினாலும் சாவு, நிலவுக்குப் போய்விட்டு இறங்கினாலும் சாவு. அதனால் சொல்லாமல், நிலவுக்கே அனுப்பினார்கள். கான்ராடும் பீனும் நிலவில் நடந்தார்கள். பத்து நாள் கழித்துப் பாராசூட் ஒழுங்காக விரிந்தது.

இதை எளிதில் தள்ளிவிட முடியாது. முதல் அளவுகோலில் பூஜ்யம், மூன்றாவதிலும் ஏறக்குறைய பூஜ்யம். நிலவில் இறங்குவதற்கு முழுக் கவனமும் தேவை. சொல்லியிருந்தால் அந்தப் பத்து நாளும் பாழ். மறைப்பதற்கு நியாயமான சந்தர்ப்பம் ஒன்று உண்டு என்றால் அது இதுதான்.

ஆனால் இந்த நியாயம் நிறுவனத்தின் பழக்கமாகிவிட்டால் என்ன நடக்கும்? நாசாவின் விண்ணோடத் திட்டத்தைப் பின்னாளில் வழிநடத்திய வெய்ன் ஹேல், கொலம்பியா பறந்துகொண்டிருந்த காலத்துப் பேச்சு ஒன்றை 2013இல் நினைவுகூர்ந்தார். வெப்பக் கவசம் சேதமானால் நம்மால் எதுவும் செய்ய முடியாது, தெரியாமலிருப்பதே நல்லது, காற்று தீரும்வரை காத்திருந்து சாவதைவிடப் பயணத்தை மகிழ்ச்சியாக முடித்து, இறங்கும்போது சட்டென்று போவதையே குழுவும் விரும்பும் என்று மூத்த அதிகாரி ஒருவர் தன்னிடம் சொன்னதாக எழுதினார். அந்த அதிகாரியைக் கல்நெஞ்சர் என்று நான் நினைக்கவில்லை. அவர் வாயிலிருந்து வந்தது அன்புதான். ஆனால் "எதுவும் செய்ய முடியாது" என்பது ஆராய்ந்து வந்த முடிவாக இல்லாமல், ஆராய வேண்டாம் என்பதற்கான காரணமாகிவிட்டது. சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்த இடத்தில், பார்க்க வேண்டாம் என்ற முடிவும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்த வழியின் பெரிய மறைசெலவு இதுதான்.

தெரிந்தால் குலைந்துபோவார்கள் என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. 1988 டிசம்பரில் அட்லாண்டிஸ் ஒரு ராணுவ ரகசியப் பயணம் போனது. கேமராவை இயந்திரக் கையில் நீட்டிப் பார்த்த ஐவரும் வெப்பக் காப்பு ஓடுகள் சிதைந்து கிடப்பதைத் தங்கள் கண்ணாலேயே கண்டார்கள். ரகசியக் குறியாக்கத்தால் தரைக்குப் போன படம் மங்கலாக இருந்தது. அதை வைத்துப் பெரிய சேதமில்லை என்று தரை சொல்லிவிட்டது. கேப்டன் ராபர்ட் கிப்சன் பிழைக்கமாட்டோம் என்றே நம்பினார். இருந்தும் வேலையை முடித்தார்கள், கலத்தைச் சரியாக ஓட்டி இறக்கினார்கள். இறங்கிய பிறகு எண்ணினால் 700க்கு மேற்பட்ட ஓடுகளில் சேதம். ஓர் ஓடு முழுதாகவே காணவில்லை. அந்த இடத்தில் தற்செயலாக ஆன்டெனாவுக்கான தடித்த உலோகத் தகடு இருந்தது, அது தாங்கிக்கொண்டது. சாவு நிச்சயம் என்று நம்பிய ஐந்து பேர் கையும் காலும் நடுங்காமல் கலத்தை ஓட்டியிருக்கிறார்கள். இவர்களிடமா மறைக்க வேண்டும்?

## வழி 5: ஏறுவதற்கு முன்பே பேசி வைப்பது

சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு இது அந்நியமில்லை. "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்" என்ற கெஞ்சலை நம் மருத்துவமனைகளில் கேட்காதவர் குறைவு. அப்பாவுக்கு என்ன வேண்டும் என்று அப்பாவை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல் இங்கே வந்ததே இதற்காகத்தான். உடம்பு நன்றாக இருக்கும்போதே உட்காரவைத்து, எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள், எது உங்களுக்கு முக்கியம் என்று கேட்டு எழுதி வைப்பது. பிள்ளைகள் ஊகிக்க வேண்டியதில்லை.

விண்வெளிக் குழுவிடமும் அதைச் செய்யலாம். எதுவும் செய்ய முடியாத கோளாறு என்று தெரிந்தால் சொல்ல வேண்டுமா? யாரிடம் முதலில், கேப்டனிடமா எல்லாரிடமுமா? தனி அலைவரிசையிலா? வீட்டாரோடு பேச நேரம் ஒதுக்க வேண்டுமா? மின்னஞ்சலில் வேண்டாம், தங்களோடு பயிற்சி எடுத்த இன்னொரு வீரரின் குரலில் வேண்டும் என்று சிலர் கேட்கலாம். இதையெல்லாம் தரையில், நிதானமாக, குடும்பத்தையும் வைத்துக்கொண்டு முடிவு செய்யலாம். அப்போலோ 12 போன்ற நிலையில் மறைத்தாலும், அது அவர்களே தந்த அனுமதியின்படி மறைத்ததாக இருக்கும்.

எந்த ஒப்பந்தத்திலும் ஒரு விலக்கு வேண்டும். அவர்களுடைய கண்ணோ கையோ மூச்சோ மீட்புக்குத் தேவைப்பட்டால், "சொல்ல வேண்டாம்" என்று எழுதியிருந்தாலும் சொல்லியாக வேண்டும். "எதுவும் செய்ய முடியாது" என்ற முடிவையும் தரை தனியாக எடுக்கக்கூடாது. குழுவோடு பயிற்சி பெற்ற, தரையில் இருக்கும் ஒரு வீரர் அந்த மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடவேண்டும்.

பணம் கட்டிப் போகும் பயணிகளுக்கும் இதே விதியா என்று ஒரு மாணவி கேட்டாள். 2010 நவம்பர் 4 அன்று சாங்கியிலிருந்து கிளம்பிய குவாண்டாஸ் ஏ380 விமானத்தின் இயந்திரம் பாத்தாம் தீவுக்கு மேலே வெடித்தது நினைவிருக்கும். 469 பேரோடு அது சாங்கிக்கே திரும்பியது. தரையிறங்கிய பிறகும் கசியும் எரிபொருள், கொதிக்கும் பிரேக், அணையாத ஓர் இயந்திரம். இத்தனைக்கும் நடுவில் பயணிகள் இருக்கையிலேயே பொறுமையாகக் காத்திருந்தார்கள். என்ன நடக்கிறது என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவசரச் சறுக்குப் பாதையில் குதிக்காமல் உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலைதான், காரணம் தெரிந்தவர்களால்தான் அதைச் செய்ய முடியும்.

ஐந்தாவது வழிக்கும் ஒரு முட்டுச்சந்து உண்டு, அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. ஏழு பேரில் ஆறு பேர் "சொல்லுங்கள்" என்கிறார்கள், ஒருவர் "எனக்கு வேண்டாம்" என்கிறார். ஒரு பேருந்து அளவுகூட இல்லாத அறைக்குள் ஆறு பேருக்குத் தெரிந்தது ஏழாமவருக்குத் தெரியாமல் இருக்காது, முகமே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இதில் ஆளுக்கொரு விருப்பம் செல்லாது, குழுவுக்கு ஒரே முடிவுதான் இருக்க முடியும். அதை ஏற்க முடியாதவர் ஏவுதளத்துக்குப் போவதற்கு வெகுமுன்பே, இருக்கையை இன்னொருவருக்குக் கொடுக்க நேரம் இருக்கும்போதே, அதைச் சொல்லிவிட வேண்டும்.